பல் கடிக்கிற சத்தம்

பாலித் தீவின் கூசம்பாக் கடற்கரையில் உப்பெடுத்துப் பிழைத்தவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் வெயிலைத்தான் முதலில் சொல்வார்கள். என்ன வெயில் அது! விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கருமணல் காலைச் சுட ஆரம்பித்துவிடும். ஆண்கள் காவடித் தண்டின் இரண்டு முனையிலும் பனையோலைப் பட்டைகளை மாட்டிக்கொண்டு அலைக்குள் ஓடுவார்கள். முகந்துகொண்டு திரும்புகிற ஓட்டத்திலேயே பட்டையைச் சாய்த்து, மணல்மேல் விசிறிபோலத் தண்ணீரைத் தெளிப்பார்கள். காய்ந்த மணலைச் சுரண்டிக் குடிலுக்குள் இருக்கும் மரத்தொட்டியில் கொட்டி, மறுபடி கடல்நீர் ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குகிற நீரைப் பிளந்த பனந்தடிகளில் நிரப்பி வெயிலில் வைத்தால் உப்பு பூக்கும். பெண்கள் கொட்டாங்கச்சியால் வழித்தெடுப்பார்கள். ஒரு தூறல் போட்டால் அன்றைய பாடு அத்தனையும் வீண்.

அந்தக் கரையில் கெதுட் லன்ட்ராவைப்போல ஓடுகிறவன் கிடையாது. அண்ணன் கெடே உயிரோடு இருந்தவரை இரண்டுபேரும் போட்டி போட்டு ஓடுவார்கள். பெனிடா தீவிலிருந்து திரும்பிய படகு கவிழ்ந்து கெடே போனபிறகு, அண்ணன் பங்கு மணலுக்கும் சேர்த்து லன்ட்ராவே தண்ணீர் சுமந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். அண்ணிக்கும் அண்ணன் மகன் சுக்ராவுக்கும் கஞ்சி வார்க்கவேண்டுமே. சுக்ராவுக்கு அப்போது பதினாறு வயது. அப்பனை விழுங்கிய தண்ணீரில் காலை வைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அதற்குப் பிறகுதான் லன்ட்ராவுக்குத் தலைவலி பிடித்தது. எழுந்திருக்கும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும், தாடை பூட்டிக்கொள்ளும். சுட்ட சூரைமீனைக்கூட மெல்ல முடியாமல் ஒருபக்கமாக ஒதுக்கி விழுங்குவான். ராத்திரி முழுக்கத் தூங்கினவன் அடிபட்டவன்போல எழுந்து உட்கார்ந்திருப்பான்.

அவன் மனைவி கெர்த்திக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். பத்து மாதம் பொறுத்தாள். அப்புறம் ஒருநாள் அவனை இழுத்துக்கொண்டு மலைப்பக்கத்து ஊரில் இருந்த குறிகாரரிடம் போனாள். அங்கே அவள் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சுதான் ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிட்டது.

"வீட்டுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்று குறிகாரர் கேட்டார்.

"கேக்குதுங்க. தூங்கற நேரத்துல கல்லோட கல்லை வச்சுத் தேய்க்கற மாதிரி. நறநறன்னு கொஞ்சம் கேக்கும், நிக்கும், மறுபடி கேக்கும்."

"எந்தப் பக்கத்துலேருந்து?"

கெர்த்தி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "மலைப்பக்கம். எங்க ஓரகத்தி வீட்டுப் பக்கம்."

குறிகாரருக்கு அதுவே போதும். ரத்த உறவில்லாத ஒரு பெண், புருஷனை இழந்தவள், எதையோ அரைத்து வைக்கிறாள் என்று சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. அதற்குமேல் பெயர் வேறு சொல்லவேண்டுமா?

எழுந்துபோய் என்ன சத்தமென்று பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாய்க் கேட்டீர்கள்! சூனியக்காரி தீப்பந்தாக உருமாறித் திரிகிற நேரம் அது. அந்த நேரத்தில் கதவைத் திறக்கிற பெண் பாலித் தீவிலேயே கிடையாது. கெர்த்தியும் மகள் ரத்னியும் வடக்கு அறையில் தாழ் போட்டுப் படுப்பார்கள். லன்ட்ரா வெக்கை தாங்காமல் கிழக்குக் கொட்டகையில் மரக்கட்டிலில் கிடப்பான். கட்டிலை ஒட்டி மலைப்பக்கமாக ஒரு மூங்கில் தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் வீடு. சத்தம் தட்டியிலிருந்து வந்தது. தட்டிக்கு எந்தப் பக்கம் என்று கெர்த்தி யோசிக்கவேயில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அண்ணியை ஊரில் மென் சுக்ரா என்பார்கள், சுக்ராவின் அம்மா என்று அர்த்தம். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே சொந்தப் பெயர் போய்விடும். அவள் முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியாமல் நின்றாள். வழக்கம்போல அவித்த மீனும் தேங்காய் போட்ட கீரையும் கொண்டுவந்து வைத்தாள். கெர்த்தி அதைத் தொடாமல் அப்படியே அவள் வாசலில் திருப்பி வைத்தாள். மூன்றாம் நாள் மென் சுக்ராவும் நிறுத்திக்கொண்டாள். ஒரே வளாகம், ஒரே குலக்கோயில், ஒரே கிணறு. இவள் வாளியைத் தூக்கினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒன்றல்ல, இரண்டு வருடம். ஆனாலும் லன்ட்ரா அண்ணன் மணலுக்குத் தண்ணீர் சுமப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கெர்த்தி கேட்டதற்கு, "அது அண்ணன் மணலு. அதுமேல எனக்கென்ன கோவம்?" என்றான்.

தலைவலி நின்றதா? அது எங்கே நிற்கும்! குறிகாரர் கொடுத்த கயிறும் தீர்த்தமும் ஒருபக்கம் இருக்க, அது பாட்டுக்கு வளர்ந்தது.

ரத்னிக்கும் சுக்ராவுக்கும் பல் ராவுகிற சடங்கு இரண்டாவது வருடக் கடைசியில் வந்தது. ஒரு குலக்கோயில் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் செய்ய முடியாது. காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம் ஆறையும் மட்டுப்படுத்த மேல்வரிசையில் ஆறு பல்லை அரத்தால் ராவிச் சமன் செய்வார்கள். அது ஆகாமல் கல்யாணம் ஆகாது, செத்தாலும் கரையேற முடியாது. இரண்டு தாய்களும் ஒரே பந்தலின் இரண்டு மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து, தென்னங்குருத்தைக் கிழித்து, மூங்கில் ஊசிக்குச்சியால் குத்திப் படையல் தட்டு பின்னினார்கள். பன்றி அறுக்க வந்த ஆண்கள் நடுவில் நின்று அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மென் ரத்னி, அந்தப் பக்கம் ஊசிக்குச்சி தீந்துபோச்சாம், கொடுக்கறியா?"

"எனக்கே பத்தல."

"மென் சுக்ரா, அந்தப் பக்கம் குச்சி பத்தலையாம், கொடுக்கறியா?"

"சும்மா கெடங்கடா!" இரண்டு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. பந்தலே அதிர்கிற மாதிரி சிரிப்பு. கெர்த்திக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தக் காலத்தில் இந்த மாதிரி வேலைக்கு உட்கார்ந்தால் மென் சுக்ராவும் அவளும் அடிக்கிற கூத்தில் ஒரு தட்டு பின்ன அரைநாள் ஆகும்.

பல் ராவ வந்தவர் இடா பாகுஸ் துகுர். பிராமணர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். ஊரே அவரைச் சாமி என்று கூப்பிடும். மேடையில் மஞ்சள் துணி போர்த்தி ரத்னியைப் படுக்கவைத்து, கடைவாயில் கரும்புத் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். லன்ட்ரா மகளின் காலைப் பிடித்துக்கொண்டான். சாமி அரத்தை எடுத்தார். சர் சர் என்று நாலு இழுப்பு இழுத்தவர் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னடா இது? அரம் என் கையில சும்மா இருக்கு. சத்தம் எங்கேருந்து வருது?"

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நறநற.

கெர்த்தி பின்னிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அதே சத்தம். வருடக்கணக்காகத் தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு கேட்ட சத்தம் பட்டப்பகலில், தன் புருஷன் வாய்க்குள்ளிருந்து வருகிறது. மகளுக்கு வலிக்குமே என்ற பதைப்பில் லன்ட்ரா தாடையை இறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கன்னத்துச் சதை எலுமிச்சம்பழம்போலப் புடைத்துப் புடைத்து அடங்கியது. அவனுக்கே அது தெரியவில்லை.

"கெதுட், வாயைத் தெற."

"எதுக்குங்க சாமி? எனக்குத்தான் நீங்களே அப்பவே ராவிட்டீங்களே."

"தெறடான்னா!"

சாமி முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்து வெயிலை அவன் வாய்க்குள் திருப்பினார். விரலை விட்டுத் தடவினார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"மேல ஆறு நான் ராவினது. என் கைவேலை எனக்குத் தெரியும். கீழ்வரிசையை எவன் ராவினான்? கடைவாய்ப் பல்லை எவன் ராவினான்? பாதிதான் இருக்கு!"

"எல்லாருக்கும் அப்படித்தானே சாமி இருக்கும்? என் பல்லு மட்டம்னு ஊரே சொல்லுமே. கோவதாபம் இல்லாத மனுசன்னு..."

"கிழிச்சாங்க! மட்டமா இருந்தா சடங்கு பண்ணினதுன்னு நெனைக்கறதுக்கு நாமதான் ஆளு. வேற எந்த ஊரா இருந்தாலும் எப்பவோ கண்டுபிடிச்சிருப்பான். இது நீயே தேய்ச்சதுடா. தூக்கத்துல கடிச்சுக் கடிச்சுத் தேய்ச்சிருக்கே. தலைவலி இருக்கா? காலைல தாடை பூட்டிக்குதா?"

"ரெண்டும் இருக்குங்க."

"பல்லுதான்டா காரணம். குளுங்குங் டவுனுல பல் டாக்டர் பொண்ணு வந்திருக்காங்க, நாளைக்கே போ. என் அரம் ஆறு பல்லோட நிக்கும். உன் அரம் எலும்பு வரைக்கும் போகும்."

கெர்த்தி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மென் சுக்ரா எதிர் மூலையில் தலை குனிந்து குருத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் அங்கே ஆச்சரியப்படவில்லை. கெர்த்திக்கு அது அப்போது உறைக்கவில்லை. பாழும் வெட்கம் கண்ணை மறைத்தது.

பல் டாக்டர் ஜாவாக்காரப் பெண். சின்ன வயசு, பொறுமைசாலி. லன்ட்ராவின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். அவன் "அம்மா!" என்று அலறினான்.

"ஐயா, பகல்லயும் பல்லைக் கடிச்சுட்டே வேலை செய்வீங்களா?"

"கடிக்காம எப்படிங்க காவடி தூக்கறது? மூச்சைப் புடிச்சு, பல்லைக் கடிச்சாத்தான் எழும்பும்."

"பாரம் தோள்லதானே இருக்கு, பல்லுலயா இருக்கு? உதடு மூடியிருக்கட்டும், பல்லு ரெண்டும் ஒட்டாம இருக்கட்டும். சாப்பிடும்போது மட்டும் அதுங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டாப் போதும். படுக்கப்போற நேரத்துல காப்பி, கள்ளு ரெண்டும் வேண்டாம். தாடைக்குச் சூடா ஒத்தடம் கொடுங்க. மனசுல ஏதாச்சும் பாரம் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"இருக்கு," என்றாள் கெர்த்தி. "இவங்க அண்ணன் போனதுலேருந்துதான் எல்லாம்."

லன்ட்ரா சுவரைப் பார்த்தான். "அன்னிக்குப் படகுல நானும் போகவேண்டியது," என்றான். பதினேழு வருடம் குடித்தனம் செய்த மனைவிக்கு அன்றுதான் அது தெரியும். "மணல் காயற நேரம், நீ இருடான்னாரு அண்ணன்."

டாக்டர் அவன் தோளைத் தட்டினாள். பிறகு பசைமாதிரி ஒன்றைக் குழைத்து அவன் பல்லுக்கு அச்சு எடுத்தாள். அடுத்த வாரம் கண்ணாடிபோல ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தாள். மேல்பல்லில் மாட்டிக்கொண்டு படுக்கவேண்டும். கடித்தாலும் பல் தேயாது, சத்தமும் வராது, தாடைக்கும் பாரம் குறையும், பழக்கம் விட நாளாகும் என்றாள்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு லன்ட்ரா பேசிய பேச்சைக் கேட்டு ரத்னி விழுந்து விழுந்து சிரித்தாள். "கழுதைக்குக் கழிவாளம் போட்ட மாழி இழுக்கு" என்றான். ஒத்தடத்துக்கு அந்த வீட்டில் பஞ்சமா? கெர்த்தி உப்பையே சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து தாடையில் வைத்தாள். கரையில் அவன் பல்லைக் கடிக்காமலிருக்க வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே காவடி தூக்கினான். மற்றவர்கள், "என்னப்பா, வயசுப்பையன் மாதிரி பாட்டெல்லாம் பலமா இருக்கு!" என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே. மூன்றாம் வாரம் காலையில் எழுந்து உட்கார்ந்து, "கெர்த்தி, தலை இருக்கற எடமே தெரியல," என்றான். அவள் அடுப்படியில் நின்று தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பாதி அழுகை அவனுக்காக. மீதி தனக்காக. மென் சுக்ராவிடம் போய் நிற்கவேண்டும், எப்படிப் போய் நிற்பது? இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் அப்படித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கிணற்றடியில் அந்தச் செய்தி வந்துவிட்டது. சுலவேசித் தீவுக்குக் குடியேறப் போகிறவர்கள் பட்டியலில் மென் சுக்ராவும் அவள் மகனும் பெயர் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தில் வயல் கொடுக்கிறார்களாம், வீடும் கட்டித் தருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது.

கெர்த்தி வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு வருடம் கழித்து அந்த வாசலை மிதித்தாள். மென் சுக்ரா சாக்கில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போகாதீங்க. தப்பு என்மேலதான். நான்தான் குறிகாரர்கிட்ட உங்களைக் கை காட்டினேன். அந்தச் சத்தம் உங்க பக்கத்துலேருந்து வருதுன்னு நெனைச்சுட்டேன். என்னை நாலு அடி வேணா அடிங்க."

"அடிக்க எனக்குக் கையில தெம்பில்ல. உக்காரு." மென் சுக்ரா ஒரு சட்டியைத் துடைத்து வைத்தாள். "அது உன் புருசன் பல்லுன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

கெர்த்தி விழித்தாள். "எப்படி?"

"என் புருசனும் அப்படித்தானே கடிப்பாரு. அண்ணன் தம்பி ரெண்டுபேருக்கும் ஒரே வியாதி. கல்யாணமான புதுசுல நான் பயந்து எங்கம்மா வீட்டுக்கு ஓடினவ. அப்புறம் பழகிப்போச்சு. பதினெட்டு வருசம் அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினேன்."

"தெரிஞ்சும் ஏன் அக்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா?"

"யார்கிட்டச் சொல்ல? நான் வச்ச சோத்தைத் திருப்பி வச்சவகிட்டயா?" குரல் சற்றே உயர்ந்தது. உடனே தணிந்தது. "அது மட்டுமில்லடி கெர்த்தி. பொய் சொல்லக் கூடாது. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. அவரு போனப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. தட்டிக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் கண்ணை மூடினேன். அவரே வந்து பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்கும். நீ என்னைச் சூனியக்காரின்னு சொன்னே. சொல்லிட்டுப் போறா, சத்தம் இருக்குல்லன்னு இருந்தேன். உன் புருசன் வலியில துடிச்சிருக்கான், நான் அதைக் கேட்டுத் தூங்கியிருக்கேன். என் பாவத்தையும் நீ மன்னிக்கணும்."

கெர்த்தி சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப மூணு வாரமா அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அவரு ரெண்டாந்தரம் போன மாதிரி இருக்கு. சுக்ராவும் வயலு, வயலுன்னு பறக்கறான். அவனுக்குக் கடல் ஆகாது. இனி நான் இங்க இருந்து என்ன செய்ய?"

கெர்த்தி கெஞ்சிப் பார்த்தாள், லன்ட்ரா வந்து காலில் விழுந்தான். போவது போவதுதான் என்று ஆகிவிட்டது. ஆனால் மிச்சமிருந்த நாலு நாளும் இரண்டு அடுப்பில் ஒன்றுதான் எரிந்தது. ரத்னி பெரியம்மாவை விட்டு நகரவில்லை. கிணற்றடியில் கெர்த்தியும் மென் சுக்ராவும் பேசுகிற பேச்சில் வாளி நிரம்பி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி வரவேண்டும். காலையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிய அலுப்பில் லன்ட்ரா சாப்பிட்டதும் கொட்டகைக் கட்டிலில் சாய்ந்தான். "அந்தப் பல்லு உறை எங்கே?" என்று கேட்டான்.

"கழுவி வச்சிருக்கேன், காயட்டும். ஒரு நேரம் இல்லாட்டி ஒண்ணும் ஆயிடாது. சும்மா படுங்க," என்றாள் கெர்த்தி. உறை அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது.

அவன் மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள். பிறகு தட்டிக்கு அந்தப் பக்கம் போய் மென் சுக்ராவின் கையைப் பிடித்து அழைத்துவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். வெயில் முற்றத்தில் கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் அது வந்தது. முதலில் மெல்ல, பிறகு நறநறவென்று. மென் சுக்ரா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது, அவள் துடைக்கவில்லை.

தெருவில் லாரி வந்து நின்றது. சுக்ரா மூட்டையோடு ஓடிவந்து, "அம்மா, லாரி வந்தாச்சு, கத்தறாங்க," என்றான்.

சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. லாரிக்காரன் ஒலிப்பானை நீட்டி அடித்தான்.

"நிக்கட்டும்," என்றாள் மென் சுக்ரா.